இரும்புத் தொப்பிக்கு இரண்டு விரற்கடை பின்னால்

வாசகர் கேள்வி – பதில்: மரம் வெட்டுவோர் காலணி

சென்ற மாதம் செயின்சாவின் (மரம் அறுக்கும் சங்கிலி ரம்பம்) பல்லை அரத்தால் தீட்டுவது பற்றி எழுதியிருந்தேன். முடிக்கும்போது, "காலில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்பதை இன்னொரு நாள் கேட்கிறேன்" என்று போகிறபோக்கில் ஒரு வரி. நான் கேட்பதற்குள் நீங்கள் கேட்டுவிட்டீர்கள். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பூட்ஸ் பற்றித்தான்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக என்னைப் பற்றி இரண்டு வரி. நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிழல் மரம் வெட்டும் கூப்புகளில் 31 வருடம் வேலை பார்த்தேன். முதல் ஒன்பது வருடம் மெஷின் பிடித்தேன் (செயின்சாவைத்தான் மெஷின் என்போம்), மீதி மேஸ்திரி. எந்தக் கம்பெனியும் எனக்கு ஓசியில் பூட்ஸ் கொடுத்ததில்லை. கொடுத்தால் வாங்கிக்கொள்வேன், ஒன்பதாம் நம்பர்.

ஐயா, மூன்று வருடமாக மெஷின் பிடிக்கிறேன். வயது 26. இதுவரை ஹவாய் செருப்புதான். வீட்டில் சண்டை போட்டதால் மேட்டுப்பாளையம் போய் 1,400 ரூபாய்க்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட ஸ்டீல் டோ ஷூ வாங்கினேன். இது போதும்தானே?
– ஒரு வாசகர், கோத்தகிரி

தம்பி, செருப்பை விட்டாயே, முதலில் அதற்குச் சந்தோஷம். சண்டை போட்டவருக்கும் என் வணக்கத்தைச் சொல். அந்த 1,400 ரூபாய் வீண் இல்லை. ஆனால் மெஷின் பிடிக்கிறவனுக்கு அது போதாது. நான் இதை என் இடது காலை வைத்துத்தான் படித்தேன்.

1997 ஜூலை. காற்றுக்குச் சாய்ந்த சில்வர் ஓக் ஒன்று லாரித் தடத்தை அடைத்துக் கிடந்தது. தூரிலிருந்து நுனிப்பக்கமாகக் கிளை கழித்துக்கொண்டே போனேன். இலைக் குவியலுக்குள் ஒரு கொம்பு மறைந்திருந்தது தெரியவில்லை. பிளேடின் நுனி அதில் முட்டி மெஷின் துள்ளியது. துள்ளியதை அடக்கிக் கீழே இறக்கினேன் பார், சங்கிலி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நேரே இடது கால்மேல் இறங்கியது.

அன்று நான் போட்டிருந்தது ஸ்டீல் டோ பூட்ஸ்தான், விரல் முனையை மூடும் இரும்புத் தொப்பி வைத்தது. வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. பிறகு எடுத்துப் பார்த்தால் இரும்புத் தொப்பியில் ஒரு கீறல் கிடையாது. வெட்டு விழுந்தது அதற்கு இரண்டு விரற்கடை பின்னால், லேஸ் கட்டுகிற இடத்தில். தோல், அதற்குள் நாக்கு, சாக்ஸ் எல்லாவற்றையும் தாண்டி, பெருவிரலை மேலே தூக்குகிற தசைநாணை அறுத்துவிட்டது. தைத்தார்கள், ஆறியது. ஆனால் அந்த விரல் இன்றுவரை தானாக மேலே எழும்பாது. ஹவாய் செருப்பு போட்டால் நாலாவது எட்டில் கழன்றுபோகும். கல்யாண வீட்டுக்கும் பின்வார் வைத்த செருப்புதான்.

ஸ்டீல் டோ எதற்கு உண்டானது என்று பார். மேலிருந்து விழும் பொருளுக்கும், மேலே ஏறி நசுக்கும் பொருளுக்கும். உன் ஷூவில் ஐ.எஸ். 15298 என்று போட்டிருக்கும். அதில் பாகம் 2 என்றால் தொப்பி 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும். 20 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் வருகிற அடி அது. நல்ல பாதுகாப்புதான், ஆனால் விரல் முனைக்கு மட்டும். செயின்சா செய்வதோ அறுக்கிற வேலை. முழு முடுக்கில் அதன் சங்கிலி விநாடிக்கு 20 மீட்டர் ஓடும், மணிக்கு 72 கிலோமீட்டர். கோத்தகிரி – மேட்டுப்பாளையம் ரோட்டில் எந்த பஸ்ஸும் ஓடாத வேகம். ஒன்றரை மில்லிமீட்டர் மாட்டுத்தோல் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

மெஷின் பிடிப்பவர்களுக்கென்று தனி பூட்ஸ் உண்டு. அடையாளம் எளிது: ஒரு கேடயம், அதற்குள் செயின்சா படம். பக்கத்தில் ஐ.எஸ்.ஓ. 17249 என்ற எண் இருக்கும். கூடவே நிலை என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். நிலை 1 என்றால் விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடும் சங்கிலியை வைத்துச் சோதித்தது. நிலை 2 என்றால் 24 மீட்டர், நிலை 3 என்றால் 28. உன் மெஷினோடு வந்த சிறு புத்தகத்தில் சங்கிலி வேகம் இருக்கும், அதற்குக் குறையாத நிலையாகப் பார்த்து வாங்கு.

இரும்பே தடுக்காததை அது எப்படித் தடுக்கிறது என்று கேட்பாய். முன்புறத் தோலுக்கு அடியிலும் நாக்குக்குள்ளும் நைலான், அராமிட் போன்ற வலுவான இழைகளை அடுக்கடுக்காக வைத்திருப்பார்கள். சங்கிலி மேல்தோலை அறுத்த மறுகணம் அந்த இழைகள் பல்லில் மாட்டி, இழுபட்டு, சங்கிலியைச் சுழற்றும் பல்சக்கரத்துக்குள் போய் அடைத்துக்கொள்ளும். பைக் சக்கரத்தில் சேலைத் தலைப்பு சிக்கினால் வண்டி என்ன ஆகிறது? அதே கதை, இங்கே நமக்குச் சாதகமாக. ஆகவே ஒருமுறை வெட்டு வாங்கிய பூட்ஸை ஒட்டித் தைத்துத் திரும்பப் போடாதே. இழை போயிருக்கும். இன்னொன்று, இந்தக் காப்பு முன்பக்கத்தில்தான். குதிகால் பக்கம் வெறும் தோல். அங்கே வெட்டுப்படாமல் நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விலை உன் ஷூவைப் போலப் பல மடங்கு. மெஷின் வாங்கிய கடையிலேயே வரவழைத்துத் தர முடியுமா என்று கேள். கைக்கு வரும்வரை, கிளை கழிக்கும்போது அடிமரம் உனக்கும் மெஷினுக்கும் நடுவில் இருக்கட்டும். இரண்டு எட்டு நகர்ந்தாலும் சங்கிலியை நிறுத்திவைக்கும் செயின் பிரேக்கைப் போட்டுவிட்டு நகரு. நான் அன்று போடவில்லை.

என் வீட்டுக்காரர் கற்பூர மரத்துக்கு (யூகலிப்டஸ்) பட்டை உரிக்கவும் லோடு ஏற்றவும் போகிறார். இந்த ஒரு வருடத்தில் மூன்று தடவை கணுக்கால் பிசகிவிட்டது. எண்ணெய் போட்டு நீவிவிடுகிறோம், நாலு நாளில் மறுபடி கிளம்பிவிடுகிறார். கம்பூட்ஸ் வாங்கித் தரலாமா, தோல் பூட்ஸா?
– பெயர் வேண்டாம், கூடலூர்

தங்கச்சி, உங்கள் ஊர் மழை எனக்குத் தெரியும். தேவாலாவில் ஒரு சீசன் வேலை பார்த்ததில் சட்டை காய்ந்த நாளை விரல்விட்டு எண்ணலாம். கம்பூட்ஸ் தண்ணீரைத் தடுக்கும், அட்டையைத் தடுக்கும். கணுக்காலைப் பிடிக்காது. உள்ளே கால் ஒரு பக்கம் போகும், வெளியே பூட்ஸ் இன்னொரு பக்கம் போகும். மேட்டுப்பாத்தியில் கொழுந்து எடுக்க அது சரி. உரித்த கற்பூர மரத்துக்கு நடுவில் நடக்கச் சரிப்படாது. பட்டை போன கட்டை மழையில் நனைந்தால் வாழைத்தண்டு மாதிரி வழுக்கும் என்பது உங்கள் வீட்டுக்காரருக்கே தெரிந்திருக்கும்.

அவருக்கு வேண்டியது லேஸ் கட்டுகிற, கணுக்கால் எலும்புக்கு மேல் நாலைந்து விரற்கடை ஏறி நிற்கிற தோல் பூட்ஸ். லோடு ஏற்றுவதால் இரும்புத் தொப்பியும் வேண்டும். கோத்தகிரித் தம்பி வாங்கியதில் உயரமான ரகம் இருக்கிறது, அது இவருக்கு ரொம்பப் பொருத்தம். மெஷின் பிடிக்காதவர் அவ்வளவு விலை கொடுத்து இழை வைத்த பூட்ஸ் வாங்க வேண்டியதில்லை.

கடையில் நான்கு காரியம் செய்யச் சொல்லுங்கள். ஒன்று, பூட்ஸை இரண்டு கையால் பிடித்து வளைக்கட்டும். விரல் மடங்குகிற இடத்தில் மட்டும் வளைய வேண்டும். நடுவில், பாதக்குழியில் வளைந்தால் சோலுக்குள் விறைப்புக்கான பட்டை வைக்கவில்லை என்று அர்த்தம். நாள் முழுக்க உருண்டைக் கட்டைமேல் மிதிக்கிற பாதத்துக்கு அது ஆகாது. இரண்டு, ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி முறுக்கிப் பார்க்கட்டும், சுலபமாக முறுகக் கூடாது. மூன்று, பின்னால் குதிகாலைச் சுற்றியுள்ள இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தட்டும், உள்ளே போகாமல் கெட்டியாக நிற்க வேண்டும். நான்கு, லேஸ் கட்டிக்கொண்டு கடைப் படிக்கட்டில் இறங்கட்டும். குதிகால் உள்ளே எழும்பினால் வேண்டாம். விரல் முன்னால் போய் இடித்தாலும் வேண்டாம். நம் மலையில் ஏறுவதைவிட இறங்கும்போதுதான் நகம் கறுக்கும்.

சோலின் அடியில் பள்ளங்கள் ஆழமாகவும் அகலமாகவும் இருக்கட்டும். நெருக்கமான சின்னக் கோடுகளில் செம்மண் அப்பிக்கொண்டு, பத்தடி போவதற்குள் சோல் மொழுமொழுவென்று ஆகிவிடும். குதிகால் கட்டை தனியாகத் துருத்திக்கொண்டு நிற்பதும் முக்கியம், சரிவில் இறங்கும்போது அதுதான் மண்ணைக் கடிக்கும். ஆழப் பள்ளம் போட்ட ரப்பர் சோலுக்குப் பின்னால் ஒரு துக்கக் கதை உண்டு. இத்தாலியில் விட்டாலே பிரமானி என்ற மலையேறி 1935 இல் ஆல்ப்ஸ் மலையில் ஆறு தோழர்களைப் பறிகொடுத்தார். காலில் சரியான பூட்ஸ் இல்லாததும் ஒரு காரணம். இரண்டு வருடத்தில் அவர் கொண்டுவந்த சோல்தான் விப்ரம். அவர் பெயரையே சுருக்கி வைத்த பெயர்.

லேஸ் கட்டுவதிலும் ஒரு வித்தை. பாதம் மடங்குகிற இடத்தில் இரண்டு லேஸையும் ஒன்றோடொன்று இரண்டு முறுக்கு முறுக்கிவிட்டு, அப்புறம் மேலே கொண்டுபோகச் சொல்லுங்கள். கீழே போட்ட இறுக்கம் தளராது, குதிகால் பின்னால் போய் உட்காரும். பேன்ட்டை பூட்ஸுக்குள் செருக வேண்டாம், தூளும் சிராயும் அதற்குள்தான் போய் விழும். அட்டைக்கு பேன்ட்டுக்கு அடியில் முழங்கால்வரை நெருக்கமான துணியில் தைத்த அட்டை சாக்ஸ் போடட்டும். மேலே நாங்கள் புகையிலைத் தூளும் சுண்ணாம்பும் குழைத்துத் தடவுவோம். வாடை குமட்டும், அட்டை வராது.

இனி பூட்ஸ் சம்பந்தமில்லாத ஒன்று. வீங்கிய அன்றே எண்ணெய் போட்டு நீவாதீர்கள். மூன்று தடவை பிசகிய கணுக்காலில் தசைநார் தளர்ந்திருக்கும், எலும்பு டாக்டர் ஒருவர் ஒரு தடவை பார்க்கட்டும். வலி தீர்ந்தபின் பல் தேய்க்கிற நேரத்தில் அந்த ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லுங்கள். சிரிப்பார். நிற்கட்டும், பாதம் தடுமாறும்போது சமாளிக்கும் பழக்கம் அப்படித்தான் திரும்பி வரும்.

கனமான கட்டை விழுந்தால் ஸ்டீல் டோ மடங்கி விரலை வெட்டிவிடும், அதற்கு ஒன்றும் போடாமலே இருக்கலாம் என்கிறார்கள். உண்மையா?
– ஒரு வாசகர், வால்பாறை

31 வருடத்தில் இதைச் சொன்னவர்கள் நூறு பேர். அப்படி விரல் போன ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. தொப்பி ஏறக்குறைய ஒன்றரை டன் நசுக்கலைத் தாங்குகிறதா என்று சோதிக்கிறார்கள். அதையும் மடக்குகிற பாரம் வெறும் காலில் விழுந்திருந்தால் வெட்டுவதற்கு அங்கே விரல் மிஞ்சியிருக்காது. ஒரே ஒரு விஷயம், தொப்பி ஒருமுறை அடி வாங்கி நெளிந்திருந்தால் அந்த ஜோடியை விட்டுவிடுங்கள்.

சவுக்கு வெட்டுக்குப் போகிறேன். வெயிலில் பூட்ஸ் போட்டால் கால் வெந்துபோகிறது. ஆனால் அடிக்கட்டை குத்தி இரண்டு தடவை ஊசி போட்டாயிற்று. என்ன செய்ய?
– ஒரு வாசகர், பட்டுக்கோட்டை

சாய்வாக அரிவாள் வெட்டு விழுந்த சவுக்குக் கட்டை ஈட்டிக்குச் சமம். உங்களுக்குச் சரிவு இல்லை, மழை கம்மி, உயரமான பூட்ஸும் அவசியமில்லை. வேண்டியது அடிப்பக்கத்துக் காப்பு. சோலுக்கும் பாதத்துக்கும் நடுவில் துளைக்காத தகடு வைத்த ஷூவில் எஸ்1பி அல்லது எஸ்3 என்ற குறியீடு இருக்கும். சோதனையில் ஆணியை 1,100 நியூட்டன் விசையில், அதாவது சுமார் 110 கிலோ அழுத்தி இறக்குவார்கள், துளைக்கக் கூடாது. எஸ்1பி காற்றோட்டமானது, தஞ்சாவூர்ப் பக்கத்து வெயிலுக்கு அது. எஸ்3 தண்ணீரையும் கொஞ்சம் தடுக்கும், ஆனால் உள்ளே புழுங்கும்.

இரண்டு ஜோடி சாக்ஸ் கொண்டுபோய் மதியக் கஞ்சி நேரத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். பாதி வேக்காடு அதிலேயே குறையும். சேற்றுப்புண்ணும் வராது.

கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இருக்கிறேன். பக்கத்தில் மரவேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், "கோர்க் பூட்ஸ்" கொண்டுவா என்கிறார்கள். தக்கையில் செய்த பூட்ஸா?
– ஒரு வாசகர், பிரின்ஸ் ஜார்ஜ்

தக்கை இல்லை தம்பி, ஆணி. எழுத்தில் வேறு மாதிரி எழுதி "கோர்க்" என்று சொல்வார்கள். நம் ஊரில் பழைய போலீஸ்காரர்கள் லாடம் அடித்த பூட்ஸ் போட்டார்களே, அதன் பெரியப்பா. சோல் முழுக்கக் கூரான எஃகு ஆணிகளைத் திருகிவைத்திருப்பார்கள், தேய்ந்தால் கழற்றிப் புதிதாகத் திருகிக்கொள்ளலாம். அங்கே ஆறுகளில் மரங்களை மிதக்கவிட்டு, அவற்றின்மேலேயே நடந்து ஓட்டிக்கொண்டுபோன காலத்தில் வந்த பழக்கம். விழுந்த மரத்தின்மேல் ஏறி நடந்தே வேலை பார்க்கும் காடுகள் அவை. உருண்டை மரத்தின்மேல் நடப்பவர்கள் ஆணி பூட்ஸோ அதற்கு ஈடானதோ போட வேண்டும் என்று உங்கள் மாகாண விதியே சொல்கிறது.

ஆனால் பாறையில் அது பனிக்கட்டிமேல் நடப்பது மாதிரி. பாறையும் செம்மண்ணும் கலந்த எங்கள் பக்கத்துக்கு ஆகாததும் அதனால்தான். சிமென்ட் தரை, லாரியின் இரும்புப் படி, வாடகை வீட்டு மரத்தரை, எங்கேயும் போட்டுக்கொண்டு போகாதீர்கள். கழற்றி மாட்ட இன்னொரு ஜோடி வண்டியில் இருக்கட்டும்.

வாங்கும்போது இரண்டு சின்னம் பாருங்கள். பச்சை முக்கோணம் என்றால் முதல் தரத் தொப்பியும் துளைக்காத சோலும் உண்டு. வெள்ளைச் சீட்டில் பச்சை நிற ஊசியிலை மரம் என்றால் செயின்சாவுக்குக் காப்பு உண்டு. மெஷின் பிடிக்கப் போகிறீர்கள் என்றால் மரப்படம் இல்லாததைத் தொடவே வேண்டாம். உங்கள் குளிருக்கு இரும்புத் தொப்பி காலுக்குள் ஐஸ் வைத்த மாதிரி ஆகிவிடும், இரும்பில்லாத கம்போசிட் தொப்பி கேளுங்கள். கம்பளி சாக்ஸைப் போட்டுக்கொண்டே அளவு பாருங்கள். பருத்தி சாக்ஸ் நனைந்தால் குளிரும், கம்பளி நனைந்தாலும் கொஞ்சம் சூடு வைத்திருக்கும்.

நல்ல பூட்ஸ் ஆயிற்றே என்று பொத்திப் பொத்தி அட்டைப்பெட்டியில் வைத்திருந்தேன். நாலு வருடம் கழித்து எடுத்துப் போட்டால் முதல் நாளே சோல் புட்டு மாதிரி உதிர்ந்துவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?
– ஒரு வாசகர், குன்னூர்

ஏமாற்றவில்லை, பொத்தி வைத்ததுதான் தப்பு. இப்போது வரும் பூட்ஸில் பெரும்பாலும் பாலியூரித்தேன் சோல். இலேசானது, மெத்தென்று இருக்கும். காற்றிலுள்ள ஈரம் உள்ளே போய் அதன் ரசாயனக் கட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துவிடும். போட்டாலும் நடக்கும், போடாவிட்டாலும் நடக்கும், குன்னூர் மூடுபனியில் சீக்கிரமாகவே நடக்கும். பூட்ஸுக்குள் உற்பத்தி செய்த மாதமும் வருடமும் அச்சடித்திருப்பார்கள். தள்ளுபடியில் கிடைக்கிறது என்று பழைய சரக்கை வாங்கும்போது அதைப் பாருங்கள்.

நாள்பட உழைக்க வேண்டுமென்றால் ரப்பர் சோல் வைத்து விளிம்பில் நூல் தையல் போட்டது நல்லது. தேய்ந்தால் சோலை மட்டும் மாற்றலாம். மேல்தோலுக்கு நான் வருடக்கணக்காக விளக்கெண்ணெய்தான், மாதம் ஒரு தடவை, லேசாக. ஊறப் போட்டால் தோல் தொளதொளவென்று ஆகிக் கணுக்காலைப் பிடிக்காது. நனைந்த பூட்ஸை அடுப்பு ஓரத்தில் வைத்தால் தோல் அப்பளமாகிவிடும். உள்ளே பழைய பேப்பரைத் திணித்து, ஈரம் இழுத்ததும் மாற்றித் திணியுங்கள்.

எனக்குச் சர்க்கரை. மேஸ்திரி வேலை, நாள் முழுக்க நடை. பாதத்தில் கொஞ்சம் உணர்ச்சி குறைவு. ஸ்டீல் டோ போடலாமா?
– ஒரு வாசகர், பந்தலூர்

போடலாம், ஆனால் நீங்களே போட்டுப் பார்த்து அளவை முடிவு செய்யாதீர்கள். மரத்துப்போன பாதத்துக்கு இறுக்கம் தெரியாது, இறுக்கமானதுதான் "கச்சிதமாக" இருப்பதாகத் தோன்றும். சாக்ஸோடு பாதத்தைத் தாளில் வரைந்து வெட்டி, அந்தத் தாள் மடங்காமல் பூட்ஸுக்குள் போகிறதா என்று பாருங்கள். தொப்பியின் பின்விளிம்பு விரலை அழுத்துகிறதா என்று இன்னொருவர் கைவைத்துப் பார்க்கட்டும். முதல் வாரம் அரைமணி, ஒரு மணி என்று போட்டுப் பழகுங்கள். காலையில் தலைகீழாகத் தட்டிவிட்டுப் போடுங்கள். ஒரு சின்னக் கல் நாள் முழுக்கக் கிடந்தால் உங்களுக்குத் தெரியாது, புண்ணான பிறகுதான் தெரியும். ராத்திரி கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். சிவப்பு இருந்தால் மறுநாள் பூட்ஸ் வேண்டாம், டாக்டர் வேண்டும்.

நான் சிறு காண்டிராக்டர். பத்து ஆள். எல்லாருக்கும் பூட்ஸ் வாங்கித் தரக் கட்டுப்படியாகாது. வாங்கித் தந்தாலும் போட மாட்டேன் என்கிறார்கள். நீங்கள் தோட்டத்தில் இருந்தவர், உங்களுக்கு என்ன தெரியும்?
– ஒரு வாசகர், ஊட்டி

கோபம் புரிகிறது. முதல் பாதிக்கு முதலில் வருகிறேன். பத்துப் பேருக்கும் ஒரே பூட்ஸ் என்று யார் சொன்னது? மெஷின் பிடிப்பவர் இரண்டு பேர் இருப்பார், அவர்களுக்கு இழை வைத்தது. மெஷினுக்குக் கொடுத்த பணத்தைவிட அது குறைவுதான். உரிப்பவருக்கும் ஏற்றுபவருக்கும் உயரமான ஸ்டீல் டோ. மெஷினுக்கு பெட்ரோலை ஆளே வாங்கிக்கொண்டு வரட்டும் என்று சொல்வீர்களா? பூட்ஸும் அப்படித்தான். அமெரிக்காவில் மரம் வெட்டும் வேலைக்கென்றே 1910.266 என்று ஒரு விதி இருக்கிறது. தண்ணீர் இறங்காத, கணுக்காலை மூடித் தாங்குகிற பூட்ஸ், மெஷின் பிடிப்பவருக்கு வெட்டுத் தாங்குகிறது என்று அது வரிசையாகச் சொல்கிறது. ஆள் போட்டிருக்கிறாரா என்று பார்க்கிற பொறுப்பை அது முதலாளி தலையில்தான் வைக்கிறது.

இரண்டாவது பாதிக்கு என் தப்பையே சொல்கிறேன். மேஸ்திரியாக இருந்தபோது ஒரு தடவை நானே கோயமுத்தூர் போய்ப் பன்னிரண்டு ஜோடி வாங்கி வந்தேன். எட்டாம் நம்பரில் ஆறு, ஒன்பதாம் நம்பரில் ஆறு, மொத்தமாக எடுத்தால் விலை குறைத்தார்கள். இரண்டு வாரத்தில் பன்னிரண்டும் ஷெட்டில் ஆணியில் தொங்கின. ஒன்றுக்குள் கோழி முட்டையிட்டிருந்தது. திட்டித் தீர்த்தேன். அப்புறம் ஒரு வயசாளி தன் காலை என் முன்னால் நீட்டினார். இரண்டு சுண்டுவிரலும் கொப்புளம். சின்ன வயதிலிருந்து செருப்பும் வெறுங்காலுமாக நடந்த பாதம், முன்பக்கம் விசிறி மாதிரி விரிந்திருந்தது. டவுன் பாதத்துக்குச் செய்த பூட்ஸுக்குள் அது எப்படிப் போகும்?

ஆகவே ஆளுக்கு ஒரு தாள். வேலை முடிந்த சாயங்காலம் பாருங்கள், அப்போதுதான் பாதம் வீங்கி முழு அளவில் இருக்கும். போடப்போகிற சாக்ஸோடு நிற்க வையுங்கள், உட்கார வைத்து எடுக்காதீர்கள். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து இரண்டு காலையும் வரையுங்கள், ஒன்று மற்றதைவிடப் பெரிதாக இருக்கும், பெரிய காலுக்கு வாங்குங்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். அகலம் போதவில்லை என்றால் ஒரு நம்பர் கூட்டி வாங்கிச் சமாளிக்காதீர்கள், குதிகால் தூக்கும். அகல ரகம் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லை என்றால் அடுத்த கடை. "போடப் போட விட்டுக்கொடுத்துவிடும்" என்று கடைக்காரர் சொல்வார். தோல் விட்டுக்கொடுக்கும், இரும்புத் தொப்பி ஒரு நூல்கூட விட்டுக்கொடுக்காது. வாங்கியதும் முதல் பத்து நாள் அரை நேரம் மட்டும் போடச் சொல்லுங்கள், மீதி நேரத்துக்கு மெஷின் பக்கம் போகாத வேலையாகக் கொடுங்கள். அந்தத் தாள்களில் பெயர் எழுதிப் பத்திரமாக வையுங்கள், அடுத்த தடவை போனிலேயே ஆர்டர் கொடுத்துவிடலாம்.